வெல்ஷ், கார்னிஷ் மொழிகளில் தேனீ: ஒற்றை எது, கூட்டம் எது?

#1 சொல்லேர்

பூச்சிப் பெயர்களுக்குப் பன்மொழி அட்டவணை ஒன்று தயாராகிறது. கெல்திக் மொழிகள் வரிசையில் இரண்டு கட்டங்கள் மட்டும் இடிக்கின்றன. வேல்ஸ் நாட்டு வெல்ஷ் மொழிக்கு ஒரு பட்டியல் 'க்வெனின்' என்கிறது, இன்னொன்று 'க்வெனனென்' என்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் மொழி கார்னிஷுக்கும் அதே கதைதான்: 'க்வெனென்', 'க்வெனெனென்' என்று இரண்டு.

இதில் எது சரி? மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் குட்டைச் சொல்லைப் பன்மை என்றும் நீளச் சொல்லை ஒருமை என்றும் காட்டுகிறது. தலைகீழாகத் தெரிகிறதே! கூடவே ஆண் தேனீ, குளவி, பிரிந்து பறக்கும் கூட்டம், கூடு, அடை, மெழுகு இவற்றுக்கும் சொல் வேண்டும்.

#2 மெய்யெழுத்து

செயலி சொன்னது சரிதான். வெல்ஷில் அடிச்சொல்லே கூட்டத்தைக் குறிக்கிறது. 'க்வெனின்' என்றால் தேனீக்கள். அதிலிருந்து ஒன்றைப் பிரித்துச் சொல்லத்தான் '-என்' விகுதி சேர்கிறது: 'க்வெனனென்', ஒரு தேனீ. நாம் ஒருமையில் தொடங்கி 'கள்' ஒட்டுகிறோம்; அவர்கள் திரளில் தொடங்கி 'ஒன்று' ஒட்டுகிறார்கள்.

தேனீக்கு மட்டும் உள்ள விலக்கு இல்லை இது. 'கோய்ட்' மரங்கள், 'கோய்டென்' ஒரு மரம். 'சேர்' விண்மீன்கள், 'செரென்' ஒரு விண்மீன். 'மொர்க்ரிக்' எறும்புகள், 'மொர்க்ரிகின்' ஓர் எறும்பு. 'அடர்' பறவைகள், 'அடெரின்' ஒரு பறவை. திரளாகவே கண்ணில் படுகிறவற்றுக்குத்தான் பெரும்பாலும் இந்த அமைப்பு.

கடைசி இரண்டில் விகுதி '-இன்' என்பதைக் கவனியுங்கள். ஒன்றைக் குறிக்கும் விகுதி வெல்ஷில் இரண்டு: ஆண்பாலுக்கு '-இன்', பெண்பாலுக்கு '-என்'. உங்கள் பட்டியல்கள் குழம்பிய இடம் இதுதான். 'அடெரின்' பார்த்துப் பழகியவர் 'க்வெனின்' பார்த்ததும், 'இன்'னில் முடிகிறதே, இது ஒருமை என்று முடிவு கட்டிவிடுவார். இங்கே அந்த 'இன்' விகுதியே அல்ல, அடிச்சொல்லின் உடம்பு.

உச்சரிப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துக்கூட்டு ஜி, டபிள்யூ, இ, என், ஒய், என். இந்த 'ஒய்' கடைசி அசையில் இகரம்போல ஒலிக்கும், அதற்கு முந்தைய அசைகளில் மங்கிய அகரமாகிவிடும். விகுதி சேர்ந்ததும் அதே எழுத்து நடு அசைக்குப் போய்விடுவதால் 'க்வெனினென்' ஆகாமல் 'க்வெனனென்' ஆகிறது. அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில்: க்வெ-ன-னென். தொடக்கத்துக் ககரத்தைத் 'தங்கம்' என்பதில் வருகிறதுபோல மெலிதாகச் சொல்ல வேண்டும்.

#3 குறுக்குக்கேள்வி

அப்படியென்றால் 'க்வெனின்' என்பது 'மந்தை' மாதிரி ஒருமையாக நடக்கும் திரட்சிப் பெயரா, இல்லை பன்மையேவா? இரண்டும் ஒன்றல்லவே.

#4 மெய்யெழுத்து

> திரட்சிப் பெயரா, பன்மையேவா

வெல்ஷில் பன்மையாகவே நடக்கும். சுட்டுப் பெயர் 'அவை'தான். அதற்கு இலக்கணச் சான்று சொல்முதல் திரிபு.

வெல்ஷில் முன்னால் வரும் சொல்லைப் பொறுத்து அடுத்த சொல்லின் முதல் மெய் மாறும். 'அ' என்று ஒலிக்கும் சுட்டு இடைச்சொல், பெண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் மெலிவுத் திரிபு உண்டாக்கும். அந்தத் திரிபில் 'ஜி' அடியோடு விழுந்துவிடும். ஆகவே ஒற்றைத் தேனீ 'அ வெனனென்'. பன்மைக்கு இந்தத் திரிபு கிடையாது, ஆகவே தேனீக்கள் 'அ க்வெனின்'.

இரண்டு உயிரினப் பெயர்களை நினைவில் வைத்தால் விதி மறக்காது. தேனீயைப் போலப் பூக்கும் ஆர்க்கிட் செடி 'டெகெய்ரியன் அ வெனனென்', அதாவது ஒரு தேனீயின் ஆர்க்கிட், ககரம் விழுந்துவிட்டது. பஞ்சுருட்டான் பறவை 'க்வபெடொக் அ க்வெனின்', தேனீக்களைப் பிடிக்கும் பறவை. ககரம் அப்படியே நிற்கிறது.

உடைமைச் சொற்களோடு வரும்போது கூடுதல் கவனம் வேண்டும்:

என் தேனீக்கள்: 'வ ங்வெனின்'. இது மூக்கொலித் திரிபு. தமிழில் சொல்முதலாக வராத ஙகரம் இங்கே சர்வசாதாரணம்.
உன் தேனீக்கள்: 'ட வெனின்'.
அவனுடைய தேனீக்கள்: 'இ வெனின்'.
அவளுடைய தேனீக்கள்: 'இ க்வெனின்'.

கடைசி இரண்டில் உடைமைச் சொல்லுக்கு எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. அவனா அவளா என்பதைத் தேனீயின் முதலெழுத்துதான் சொல்கிறது.

எண்ணும்போது எண்ணுக்குப் பின் ஒருமை வரும்: 'இன் வெனனென்' ஒன்று, 'டூய் வெனனென்' இரண்டு, 'டைர் க்வெனனென்' மூன்று. மூன்றில் திரிபு இல்லை. ஆனால் மூன்றுக்கும் நான்குக்கும் பெண்பால் எண் வடிவத்தையே போட வேண்டும்; ஆண்பால் 'ட்ரீ' போட்டால் பிழை. பெரிய எண்ணுக்கு நடுவில் 'ஓ' வரும், பிறகு பன்மை: 'மீல் ஓ வெனின்', ஆயிரம் தேனீக்கள்.

அகராதி பார்க்கும் முறை: ஒரு வெல்ஷ் சொல் 'டபிள்யூ'வில் தொடங்கி அகராதியில் அகப்படவில்லை என்றால் முன்னால் ஒரு 'ஜி' போட்டுப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கி அகப்படவில்லை என்றாலும் அதே வைத்தியம். 'என்ஜி'யில் தொடங்கினால் 'என்'னை எடுத்துவிட்டு 'ஜி'யில் தேடுங்கள். வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பெரிய வரலாற்று அகராதி 2014 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய எழுத்து வடிவங்களையும் ஆண்டுவாரியாகத் தருகிறது.

#5 கடலோடி

கார்னிஷ் பக்கம் வருகிறேன். அமைப்பு அதேதான்: 'க்வெனென்' தேனீக்கள், 'க்வெனெனென்' ஒரு தேனீ. எழுத்தில் வெல்ஷின் 'ஒய்' இருக்கும் இடத்தில் 'இ'. ஆனால் வெல்ஷிலிருந்து விதிகளை அப்படியே தூக்கி வரக் கூடாது.

கார்னிஷில் ஒன்றைக் குறிக்கும் விகுதி '-என்' மட்டும்தான், அது பெண்பால். வெல்ஷின் ஆண்பால் '-இன்'னுக்கு இங்கே வேலை இல்லை. எறும்பு வெல்ஷில் ஆண்பால். கார்னிஷில் 'மொர்யொன்' எறும்புகள், 'மொர்யோனென்' ஓர் எறும்பு, பெண்பால். பிரான்ஸின் பிரித்தானிப் பகுதியில் பேசும் பிரெட்டன் மொழியும் கார்னிஷோடுதான் நிற்கிறது: 'க்வேனன்', 'க்வெனானென்'.

திரிபு: 'அன் வெனெனென்' அந்தத் தேனீ, 'அன் க்வெனென்' அந்தத் தேனீக்கள். இதுவரை வெல்ஷ் மாதிரியே. ஆனால் 'என் தேனீக்கள்' கார்னிஷில் 'ஓ க்வெனென்'. மூக்கொலித் திரிபு கிடையாது. அங்கே உரசொலித் திரிபுதான் வரும், அது 'ஜி'யைத் தொடாது. வெல்ஷ் தெரிந்தவர்கள் கார்னிஷ் எழுதும்போது முதலில் சறுக்குவது இங்கேதான். 'உன் தேனீக்கள்' மட்டும் 'தா வெனென்' என்று மெலியும்.

எழுத்துமுறைப் பிரச்சினையும் உண்டு. கடைசியில் இரட்டை 'என்' போட்ட கார்னிஷ் வடிவம் கிடைத்தால் அது 1980களில் வந்த 'கெம்மின்' முறை. 2008இல் ஒப்புக்கொள்ளப்பட்ட பொது எழுத்துமுறையில் ஒற்றை 'என்'தான். இரண்டையும் வேறு வேறு சொல் என்று நினைத்துத் தனித்தனி வரியில் போட்டுவிடாதீர்கள். பிரெட்டனில் இரட்டை 'என்'தான் முறை, அதைக் குறைக்கவும் வேண்டாம்.

#6 குறுக்குக்கேள்வி

கார்னிஷ் 18ஆம் நூற்றாண்டோடு பேச்சிலிருந்து போய்விட்டது, 20ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்தார்கள். அப்படியிருக்க இந்தத் தேனீச் சொல் உண்மையில் பழையதா, வெல்ஷைப் பார்த்துச் செய்துகொண்டதா?

#7 ஓலைச்சுவடி

பழையதுதான். சுமார் 1100இல் தொகுத்த லத்தீன்–கார்னிஷ் சொற்பட்டியல் ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் காட்டன் தொகுப்பில் இருக்கிறது. ஆங்கிலத் துறவி ஏல்ஃப்ரிக் தம் மாணவர்களுக்காக எழுதிய லத்தீன்–பழைய ஆங்கிலப் பட்டியலில் ஆங்கிலச் சொற்களின் இடத்தில் கார்னிஷைப் போட்டு ஆக்கியது. பொருள்வாரியாக வரிசைப்படுத்தியிருப்பதால் பூச்சிகள் ஒரே இடத்தில் கிடைக்கும்.

அதில் லத்தீன் 'ஆபிஸ்'க்கு நேர் 'குவெனெனென்'. ஆண் தேனீயான 'ஃபூகுஸ்'க்கு 'சுட்ரோனென்'. குளவியான 'வெஸ்பா'வுக்கு 'குஹியென்'. மூன்றுமே ஒருமை விகுதியோடு இருப்பதைப் பாருங்கள். தொகுத்தவர் எதிரே இருந்தது லத்தீன் ஒருமை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒருமை வடிவத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இன்றைய 'சுட்ரோனென்', 'கொஹீயென்' இந்தப் பதிவுகளிலிருந்து வந்தவை.

கார்னிஷ் பேச்சில் இருந்தபோதே நேரில் போய்க் கேட்டு எழுதிய முக்கியமான ஆள் எட்வர்ட் லூயிட். வேல்ஸ்காரர். 1700இல் கார்ன்வாலில் தங்கிச் சொல் சேகரித்து 1707இல் நூலாக வெளியிட்டார். வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன், ஐரிஷ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது அவர் பலம். ஆனால் அவர் கார்னிஷ் எழுதும்போது வெல்ஷ் காது குறுக்கே வரும். அவர் எழுத்துக்கூட்டை அப்படியே அட்டவணையில் ஏற்றாமல் பழைய பட்டியலோடு ஒட்டிப் பார்ப்பதுதான் முறை.

#8 கடலோடி

ஒலி வரலாறும் ஓலைச்சுவடி சொன்னதற்குத் துணை நிற்கிறது. கூட்டத்துக்கு வெல்ஷில் 'ஹைட்', பிரெட்டனில் 'ஹேட்', கார்னிஷில் 'ஹேஸ்'. சொல்லிறுதி டகரம் கார்னிஷில் மட்டும் சகரமாகும். அப்பாவுக்கு வெல்ஷ் 'டாட்', பிரெட்டன் 'டாட்', கார்னிஷ் 'டாஸ்'. காட்டுக்கு வெல்ஷ் 'கோய்ட்', கார்னிஷ் 'கோஸ்'. வெல்ஷைப் பார்த்துப் படியெடுத்த சொல்லாக இருந்தால் இந்த மாற்றம் இவ்வளவு ஒழுங்காக அமையாது. ஐரிஷில் இதே சொல் 'சைதெ': அங்கே தொடக்கத்தில் சகரம், வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் அடங்கிய பிரித்தானியக் கிளையில் அது ஹகரமாகிவிட்டது.

தேனீக் கூட்டம்: வெல்ஷ் 'ஹைட் ஓ வெனின்', கார்னிஷ் 'ஹேஸ் அ வெனென்'. இரண்டிலும் நடுச்சொல் திரிபு உண்டாக்குகிறது. வெல்ஷ் பைபிளில் நியாயாதிபதிகள் 14:8இல், சிம்சோன் பார்த்த சிங்கத்தின் உடலுக்குள் இருப்பது இதே 'ஹைட் ஓ வெனின்'தான்.

#9 தேனடை

வளர்ப்புப் பக்கச் சொற்கள். மொழி குறிக்காதவை வெல்ஷ்.

தேனீப்பெட்டி, கூடு: 'கூஃ க்வெனின்'. கடைசி ஒலிக்கு ஆய்தம்தான் ஓரளவு பொருந்தும், தொண்டையிலிருந்து உரச வேண்டும். 'கூஃ' தனியாக வந்தால் படகு. அதனால் செயலியில் 'கூஃ' மட்டும் போட்டால் படகுதான் வரும். 'க்வெனின்' சேர்த்தே தேடுங்கள்.

அடை: 'டில் மேல்', பன்மை 'டில்யை மேல்'. இன்னொரு சொல் 'க்ரூய்பர்'. வெல்ஷ் பைபிளில் சங்கீதம் 19:10இல் வருவது 'டில்யை மேல்', நம் பைபிளில் 'தேன்கூட்டிலிருந்து ஒழுகும் தெளிதேன்' என்று வரும் அதே இடம்.

மெழுகு: வெல்ஷ் 'கூயிர்', கார்னிஷ் 'கோர்', பிரெட்டன் 'கோஅர்'. மூன்றும் லத்தீன் 'கேரா'விலிருந்து.
தேன்: வெல்ஷ், கார்னிஷ் இரண்டிலும் 'மேல்'.
ராணி: 'ப்ரென்ஹீனெஸ்', அரசிக்கு உள்ள அதே சொல்.
கொடுக்கு: 'கோலின்'.
தேனீ வளர்ப்பவர்: 'க்வெனனுர்', பன்மை 'க்வெனன்வியர்'.

தேன் தரும் தேனீ, ஒன்று: 'க்வெனனென் வேல்'. பல: 'க்வெனின் மேல்'. அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். பெண்பால் ஒருமைக்குப் பின்னால் வரும் அடைமொழியும் மெலியும், மகரம் வகரமாகும். வெல்ஷில் ஒற்றை 'எஃப்' எழுத்து வகர ஒலிதான்.

ஆண் தேனீக்கு வெல்ஷில் 'பெகெகிர்' என்று தனிச்சொல் உண்டு. இன்னொரு வழக்கு 'க்வெனனென் ஒர்மெஸ்'. இந்த 'ஒர்மெஸ்' உண்மையில் 'கொர்மெஸ்', அடக்குமுறை, சுமை என்று பொருள்; மேலே சொன்ன விதிப்படி ககரம் விழுந்திருக்கிறது. உட்கார்ந்து தின்கிற சுமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஆண் தேனீயைச் சொல்லும் இந்தத் தொடர் இலக்கணப்படி பெண்பால். கார்னிஷ் 'சுட்ரோனென்'னும் பெண்பால்தான். உயிரியல் பாலைப் பார்த்து ஆண்பால் எண் போட்டீர்களானால் தவறாகிவிடும்.

#10 ஓலைச்சுவடி

'ஹைட்' வந்துவிட்டது, இனிச் சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 950இல் இறந்த ஹைவெல் தா மன்னன் பெயரில் வழங்கும் வெல்ஷ் சட்டங்களில் தேனீக்குத் தனிப் பகுதி உண்டு. நம் கைக்கு வந்திருக்கும் பிரதிகள் 13ஆம் நூற்றாண்டு முதல். தேனீச் சொல்வளம் அங்கேதான் செழிப்பாக இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் தேவைப்பட்டன.

தாய்க்கூடு, பழைய கூட்டம்: 'மொட்ரடவ்', 24 பென்னி.
முதலில் பிரியும் கூட்டம்: 'கன்ஹைட்', 16 பென்னி.
இரண்டாவது: 'டார்வ்ஹைட்', சொல்லுக்குச் சொல் காளைக்கூட்டம், 12 பென்னி.
மூன்றாவது: 8 பென்னி.

தாய்க்கூட்டின் விலையும் கூடவே இறங்கும். முதல் கூட்டம் போனதும் 20, இரண்டாவது போனதும் 16, மூன்றாவதும் போனால் 12.

'அஸ்கெல்ஹைட்' என்று இன்னொன்று, சிறகுக்கூட்டம். மற்றக் கூட்டங்கள் ஆகஸ்டுக்கு ஒன்பது நாள் முன்பே தாய்க்கூடு என்ற தகுதியும் 24 பென்னி விலையும் பெற்றுவிடும். இது மட்டும் அடுத்த மே முதல் நாள் வரை காத்திருக்க வேண்டும்.

தேனீக்கள் சொர்க்கத்திலிருந்து வந்தவை, மனிதனின் பாவத்தால் அங்கிருந்து வெளியேறியவை, கடவுள் அவற்றுக்குத் தம் அருளைத் தந்தார், அதனால்தான் மெழுகு இல்லாமல் பூசை நடக்காது என்றும் அதே பகுதி சொல்கிறது. தேவாலய மெழுகுத்திரிக்கான தேவைதான் இந்த விலைகளைத் தாங்கி நின்றது. அரசவையில் 24 அதிகாரிகள், அவர்களில் ஒருவர் தேன்மது காய்ச்சுபவர். ஆக மெழுகும் போகும், தேனும் போகும். விலை இல்லாமல் இருக்குமா?

#11 தேனடை

அந்த விலைப்பட்டியலை எழுதியவருக்குத் தேனீயைத் தெரியும். முதல் கூட்டம் பழைய ராணியோடு, வேலைக்காரத் தேனீக்களில் பெரும்பகுதியோடு வெளியேறும். ராணி ஏற்கெனவே இணைசேர்ந்தது, ஆகவே புது இடத்தில் அடை கட்டியதும் முட்டை வைக்க ஆரம்பித்துவிடும். இரண்டாவது கூட்டம் ஒரு வாரத்துக்கு மேல் கழித்துப் போகும். அதில் இருப்பது இணைசேராத புது ராணி. அது பறந்துபோய் இணைசேர்ந்து பத்திரமாகத் திரும்ப வேண்டும். மழை பிடித்தாலோ பறவை கொத்தினாலோ கூட்டமே காலி. மூன்றாவதில் ஆள்பலமும் குறைவு. 16, 12, 8 என்று இறங்குவதன் காரணம் இதுதான்.

சிறகுக்கூட்டத்துக்கு மே வரை தவணை கொடுத்ததும் சரியான கணக்கு. பிந்திப் பிரிந்த சின்னக் கூட்டத்துக்குக் குளிர்காலத்துக்கு வேண்டிய தேனைச் சேர்க்க நாள் போதாது. மே மாதம் உயிரோடு இருந்தால்தான் அது கூடு.

சொல்லேர் கவனத்துக்கு: 'மொட்ரடவ்' ராணித் தேனீக்கும் ஆகிவந்த சொல். பழைய நூலில் பார்த்தால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள். இன்றைய அட்டவணைக்கு 'ப்ரென்ஹீனெஸ்' போதும்.

#12 அயல்சொல்

வெல்ஷ் குளவியை யாரும் இன்னும் தொடவில்லை. வெல்ஷில் அதுதான் பெரிய சிக்கல்.

'கக்கூன்' பன்மை, 'ககனென்' ஒருமை. ஊரைப் பொறுத்து இது குளவி, கதண்டு, அல்லது உடம்பெல்லாம் ரோமம் உள்ள பெரிய பம்பிள் தேனீ. ஒருவன் கோபத்தில் கொதித்தால் 'கக்கூன்போல வெறி' என்பார்கள், அங்கே குளவி. ஆனால் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் வெளியிடும் இனப்பட்டியல்களில் 'ககனென்' என்றால் பம்பிள் தேனீ. சிவப்பு வால் பம்பிள் தேனீயின் பெயர் 'ககனென் கன்ஃபொன் கோஹ்'.

குளவி என்று ஐயமில்லாமல் சொல்ல 'க்வெனனென் வெயர்ஃ', பன்மை 'க்வெனின் மெயர்ஃ'. நேர்ப்பொருள் குதிரைத் தேனீ. வெல்ஷில் குதிரையை அடைமொழியாகப் போட்டால் பெரியது, முரடானது என்று குறிப்பு. செடிப் பெயர்களிலும் இப்படி வரும். தெற்கே 'பிகூனென்' என்ற சொல்லும் உண்டு.

பம்பிள் தேனீயில் இன்னொரு வகை, பாசியைச் சிக்கெடுத்துக் கூட்டை மூடுகிற இனம்: 'கார்ட்வெனனென்'. பஞ்சு சிக்கெடுப்பதைக் குறிக்கும் 'கார்ட்'டும் தேனீயும் சேர்ந்த தொகைச்சொல், நடுவில் ககரம் விழுந்திருக்கிறது. அதில் அரிதான ஒன்று 'கார்ட்வெனனென் வெய்ன்லைஸ்'. மெல்லிய குரல் உடையது என்று பொருள், அதன் ரீங்காரம் கீச்சென்று இருக்கும். பிரிட்டனில் அது மிஞ்சியிருக்கும் சில இடங்களில் தென்வேல்ஸின் க்வென்ட் தாழ்நிலமும் ஒன்று.

கார்னிஷில் குளவிக்கு 'கொஹீயென்', பன்மை 'கொஹி'. தேனீயோடு குழம்பாத தனிச்சொல், நிம்மதி. கார்ன்வாலின் ஆங்கில வட்டாரப் பேச்சில் எறும்புக்கு 'மூரியன்' என்பது கார்னிஷ் சொல்லின் எச்சம். ஆனால் அதே பேச்சில் குளவிக்கு வரும் 'ஆப்பிள்-டிரேன்', பம்பிள் தேனீக்கு வரும் 'டிரம்பிள்-டிரேன்', வைக்கோல் கூட்டுக்கு வரும் 'பீ-பட்' இவை ஆங்கிலத்தின் மேற்குக் கிளைச் சொற்கள். கார்ன்வாலில் கிடைத்தது எல்லாம் கார்னிஷ் என்று எடுத்துக்கொள்ளும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய சுற்றுகின்றன, நம்பாதீர்கள்.

#13 குறுக்குக்கேள்வி

வேர்ச்சொல் பகுதிக்கு வருவோம். 'க்வெனின்' லத்தீன் 'வெனேனும்' (நஞ்சு) என்பதிலிருந்து வந்தது என்று ஒரு தளத்தில் எழுதியிருக்கிறார்கள். கொடுக்கில் நஞ்சு இருப்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது?

#14 மெய்யெழுத்து

பொருத்தமாகத் தெரிவதுதான் ஆபத்து. லத்தீன் 'வெனேனும்' வெல்ஷில் ஏற்கெனவே வேறு சொல்லாக இருக்கிறது: 'க்வென்வின்', நஞ்சு. லத்தீன் நெடில் ஏகாரம் வெல்ஷில் 'டபிள்யூ-ஒய்' ஆகும், மெழுகுக்குக் 'கேரா' 'கூயிர்' ஆனது அதே வழியில்தான். தேனீச் சொல்லில் அந்த ஈரெழுத்து இல்லை, கார்னிஷிலும் பிரெட்டனிலும் இல்லை. ஆகவே இரண்டும் வேறு.

தட்டச்சில் ஒரே ஒரு 'டபிள்யூ'தான் வித்தியாசம். தேனீ நஞ்சு 'க்வென்வின் க்வெனின்'. எழுத்துணரி மென்பொருள் இந்தத் தொடரில் ஒன்றை மற்றொன்றாக்கிவிடும், வருடிய நூலிலிருந்து எடுக்கும்போது கண்ணால் பார்த்தே சரிபாருங்கள்.

#15 கடலோடி

ஐரிஷ் கிளை இதில் வேறு வழி. தேனீக்கு ஐரிஷ் 'ப்யஃ', பழைய ஐரிஷில் 'பெஃ'. ஸ்காட்லாந்து கேலிக்கில் 'ஷெல்லன்', மேன் தீவு மொழியிலும் 'ஷெல்லன்'. ஆக 'க்வெனின்' குடும்பம் வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் மூன்றுக்கே சொந்தம். அட்டவணையில் 'கெல்திக்' என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் இரண்டாக உடைத்துவிடுங்கள்.

தேன்மதுவில் மட்டும் தமிழுக்கு ஒரு தொடர்பு இருக்கிறது. வெல்ஷ் 'மேத்', கார்னிஷ் 'மேத்', பிரெட்டன் 'மேஸ்' இவை சமஸ்கிருத 'மது'வின் உறவுகள். நம் 'மது' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, அந்த வழியில் உறவு. தேனுக்குரிய 'மேல்' வேறு வேர், லத்தீன் 'மெல்' அதன் உறவு. தமிழ்த் 'தேன்' இந்த எதோடும் சேராது. யாராவது வெல்ஷ் 'மேல்', 'வேல்' இரண்டையும் பார்த்துவிட்டு இழை திறப்பதற்கு முன் சொல்லி வைக்கிறேன்.

#16 ஓலைச்சுவடி

'மேல்' பற்றி ஒரு துணுக்கு. பிரிட்டன் தீவின் பெயர்களைச் சொல்லும் இடைக்கால வெல்ஷ் குறிப்பில், மக்கள் குடியேறிய பிறகு தீவுக்கு வழங்கிய பெயர் 'அ வேல் அனிஸ்', தேன் தீவு. பெலி என்ற மன்னன் பெயர்தான் இப்படித் திரிந்தது என்று வாதிடுவோரும் உண்டு, ஏனென்றால் பகரமும் மெலிந்தால் வகரமே ஆகும். திரிபுள்ள மொழியில் சொல்லாராய்ச்சி செய்தால் இப்படி இரண்டு கதவுகள் திறந்துகொள்ளும்.

ஒருமைக்கு இன்னொரு எடுத்துக்காட்டு: வெல்ஷ் மரபுக் கலைகளுக்குப் புரவலராக இருந்த லேனோவர் சீமாட்டி அகஸ்டா ஹால் (1802–1896) வைத்துக்கொண்ட புனைபெயர் 'க்வெனனென் க்வென்ட்', க்வென்ட் நாட்டின் தேனீ. ஒரே ஆள், ஆகவே '-என்'.

#17 சொல்லேர்

எல்லாருக்கும் நன்றி. அட்டவணை வரைவு:

தேனீ: வெல்ஷ் 'க்வெனனென்' / பன்மை 'க்வெனின்'; கார்னிஷ் 'க்வெனெனென்' / பன்மை 'க்வெனென்'.
ஆண் தேனீ: வெல்ஷ் 'பெகெகிர்', கார்னிஷ் 'சுட்ரோனென்'.
குளவி: வெல்ஷ் 'ககனென்', கார்னிஷ் 'கொஹீயென்'.
கூட்டம்: 'ஹைட்', 'ஹேஸ்'.
கூடு: வெல்ஷ் 'கூஃ'.
மெழுகு: 'கூயிர்', 'கோர்'.
தேன்: 'மேல்', 'மேல்'.

தமிழ் எழுத்தில் மட்டும் தரலாம் என்று நினைக்கிறேன்.

#18 மெய்யெழுத்து

மூன்று திருத்தம். குளவிக்கு 'க்வெனனென் வெயர்ஃ' போடுங்கள், 'ககனென்' பம்பிள் தேனீக்கும் போவதால் அடிக்குறிப்பில் வைக்கலாம். கூட்டுக்கு 'கூஃ க்வெனின்' என்று முழுதாக. இல்லையென்றால் யாராவது படகில் தேனீ வளர்ப்பார்கள். மூன்றாவது, ரோமன் எழுத்துக்கூட்டையும் ஒரு நெடுவரிசையில் வையுங்கள். வெல்ஷில் 'சி' மெலிந்தால் 'ஜி' ஆகும், தமிழில் இரண்டுக்கும் ஒரே ககரம். சிவப்பு வால் தேனீயின் பெயரில் இரண்டு இடத்தில் அந்தத் திரிபு நடந்திருக்கிறது, அயல்சொல் எழுதிய தமிழ் வடிவத்தில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

#19 கடலோடி

ரோமன் நெடுவரிசை வைத்தால் இன்னொன்று. தேனுக்கான சொல்லில் வெல்ஷ் 'இ' தலையில் ஒரு கூரைக்குறி உண்டு, 'டோ பாஹ்' என்பார்கள், சின்னக் கூரை. கார்னிஷில் அது கிடையாது. ஒன்றிலிருந்து நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டினால் இரண்டில் ஒன்று தப்பாகும். வெல்ஷிலும் 'தேனீ' வரியில் கூரை வராது, 'தேன்' வரியில் மட்டும்தான்.